ஒரு ஓட்டுக்கு மூன்று கார்

1

போன வியாழக்கிழமை மாலை நான் வேலையிலிருந்து வந்து, நனைந்த கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் எங்கள் வீட்டு வாசலில் மூன்று கார்கள் வந்து நின்றன. முதலாவது நீலக் கட்சியின் கார். இரண்டாவது சிவப்புக் கட்சியின் வேன். மூன்றாவது இருமிக்கொண்டே வந்த மஞ்சள் கட்சியின் சின்னக் கார். கட்சிகளின் பெயர்கள் உங்களுக்கு வேண்டாம், நிறம் போதும். அவர்களே தங்கள் நிறத்தில் ரிப்பன் பூ ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் வருகிறார்கள்.

மூன்றும் என்னை ஓட்டுச்சாவடிக்கு அழைத்துப்போக வந்தவை. அன்று இங்கே லண்டனில் கவுன்சில் தேர்தல், நம் ஊர் நகராட்சித் தேர்தல் மாதிரி.

என் கணவர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

"இன்னா செல்வி, உன்னப் பொண்ணு பாக்க வந்துகிறாங்களா?"

"சும்மா இருங்க. நான் என்ன செய்வேன் இப்ப?"

"ஒரே ஆளு மூணு பேருக்குத் தட்டு மாத்திக்கினா இன்னா ஆவும்? இதான் ஆவும்."

அவர் சொன்னது சரிதான். அது எப்படி நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். மின்கருவிகளைப் பரிசோதிக்கிற வேலை என்னுடையது. கோளாறு வந்தால் முதல் இணைப்பிலிருந்து பார்த்துக்கொண்டு வருவதுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை.

2

எங்கள் வீட்டுக் குடியுரிமைக் கணக்கை முதலில் சொல்லவேண்டும்.

கணவர்: புதுச்சேரியில் பாகூர்ப் பக்கம். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். அதனால் இவர் பிரெஞ்சுக் குடிமகன். பாரிசில் மொத்தமாக ஒரு பகல் இருந்திருக்கிறார், அதுவும் ரயில் மாற. இங்கே பஸ் டிப்போவில் ஃபிட்டர். கூட வேலை செய்கிறவர்கள் புதிதாக வருகிறவனிடம் "இவர் எங்கள் பிரெஞ்சுக்காரர்" என்று அறிமுகம் செய்துவிட்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

மகள் மலர்: ஆறு வயது. பிறந்தது புதுச்சேரி ஆஸ்பத்திரியில். அப்பா வழியில் பிரெஞ்சு. பேசுவது இங்கிலீஷ். தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் வரும். தமிழில் கோபப்பட்டால்தான் தமிழில் அழுவாள்.

நான்: அதே புதுச்சேரியில் கரிக்கலாம்பாக்கம். பாலிடெக்னிக் டிப்ளமா. இந்தியக் குடிமகள். பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி மாமனார் எத்தனையோ முறை சொன்னார். எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். இந்த நாட்டுச் சட்டப்படி, பிரிட்டன் ஆண்ட நாடுகளின் குடிமக்கள் இங்கே வசித்தால் ஓட்டுப் போடலாம். பிரெஞ்சுக்காரர் போட முடியாது. ஆகவே காலையில் எழுந்தது முதல் அரசியல் பேசும் என் கணவருக்கு ஓட்டு இல்லை. பேசாத எனக்கு உண்டு. அதிலும் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தை இங்கிலீஷ்காரன் ஆண்டதே இல்லை, ஆண்டது பிரெஞ்சுக்காரன். யாரோ ஆண்ட கணக்கில் எனக்கு இந்த ஓட்டு வந்திருக்கிறது.

கவுன்சில் அலுவலகத்தில் பெயரைப் பதியப் போனபோது, கவுன்ட்டரில் இருந்த அம்மாள் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டுகளையும் பார்த்தார்.

"மன்னிக்கவேண்டும். உங்களில் பிரெஞ்சுக்காரர் யார்?"

"நான்தான்" என்றார் இவர், மீசையைத் தடவிக்கொண்டு.

அந்த அம்மாள் உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வந்தார். பிறகு இன்னொரு முறை போய்க் கேட்டுவிட்டு வந்தார். கடைசியில் என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் இவர் செய்தித்தாளை விரித்து, நான் யாருக்குப் போடவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். அன்றிலிருந்து நிறுத்தவில்லை.

3

இந்த நாட்டு அரசியலைப் பற்றி நம் ஊர்ப் பத்திரிகையிலிருந்து கேட்டு எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

பெரிய அரசியல் டெலிவிஷனில் நடக்கிறது. பெண் ஒருவர் பிரதமர், பெண் ஒருவர் ராணி. ஆனால் எங்கள் தொழிற்சாலையில் ஒரு மீட்டர் சரியாக ஓடவில்லை என்று நான் சொன்னால், ஃபோர்மேன் பக்கத்து மேஜை ஆணிடம் போய் "உண்மையா?" என்று கேட்கிறார். தேநீர் இடைவேளையில் வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பாதிப்பேர் கோப்பைக்குள் பார்ப்பார்கள். மழையைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லோருக்கும் கருத்து இருக்கும்.

உண்மையான அரசியல் தெருவில் நடக்கிறது. குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது, பக்கத்து வீட்டு வேலிச்செடி எவ்வளவு உயரம் வளரலாம், யார் நாய் யார் வாசலில் என்ன செய்தது. இவற்றில் ஆங்கிலேயர் காட்டும் தீவிரத்தைப் பார்த்தால் இவர்கள் எப்படி இத்தனை நாடுகளை ஆண்டார்கள் என்பது விளங்கும்.

எங்கள் தெருவின் பெரிய விஷயம் டோரீன்.

டோரீன் எங்கள் அடுத்த வீட்டுக்காரர். கணவர் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். எங்கள் தெரு முனையில் லாரி ஓடும் பெரிய சாலை, அதற்கு எதிர்ப்புறம் பள்ளிக்கூடம். காலையிலும் மாலையிலும் டோரீன் மஞ்சள் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு, வட்டத் தகடு பொருத்திய நீளக் கம்போடு அங்கே நிற்பார். நடுரோட்டில் போய்க் கம்பை ஊன்றினால், எவ்வளவு பெரிய லாரியும் மூச்சுவிட்டு நிற்கும். பிள்ளைகள் கடப்பார்கள். கவுன்சில் கொடுத்த வேலை அது. பிள்ளைகளின் பெயர், பல் விழுந்த செய்தி, யாருக்கு வீட்டில் தம்பி பிறக்கப்போகிறது, எல்லாம் அவருக்குத் தெரியும். மலர் இந்தப் பள்ளியில் சேர்ந்த முதல் நாள், அழுத அவளை அந்தக் கம்பைப் பிடிக்கவிட்டுக் கடக்கவைத்தார். மறுநாளிலிருந்து அவளுக்கு நான் துணைக்குப் போகவேண்டியிருக்கவில்லை.

செலவைக் குறைக்க அந்த வேலையைக் கோடை விடுமுறையோடு எடுத்துவிடலாம் என்று கவுன்சிலில் ஒரு பேச்சு வந்தது. நீலக் கட்சி எடுக்கலாம் என்றது. சிவப்புக் கட்சி கூடாது என்றது. மஞ்சள் கட்சி ஆராயவேண்டும் என்றது. கவுன்சிலில் இரண்டு பக்கமும் சமபலம். எங்கள் வார்டில் யார் ஜெயிக்கிறார்களோ அவர்கள் பக்கம் தராசு சாயும்.

"பாத்துக்கோ, செல்வி" என்றார் டோரீன் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து. (அவர் பேசியதை நம் பேச்சில் எழுதுகிறேன்.) "உனக்கு ஓட்டு இருக்கு. சிவப்புக்குப் போடு. வேறொண்ணும் கேக்கல."

"உங்களுக்கு இல்லாமலா?" என்றேன். மனதாரச் சொன்னேன்.

4

கோளாறு இங்கேதான் தொடங்கியது.

எங்கள் ஊரில் ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிற யாரையும் யாரும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்கள். அம்மா தட்டில் ஆரத்தி கரைத்து எடுத்துவருவார். வேட்பாளர் நெற்றியில் பொட்டு வைத்து, "உங்களுக்கு இல்லாமலா?" என்பார். அரைமணி கழித்து எதிர்க்கட்சிக்காரர் வருவார். அதே தட்டு, அதே பொட்டு, அதே வார்த்தை. அவர்களுக்கும் தெரியும், இது மரியாதை, வாக்குறுதி அல்ல என்று. சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா தன் கடைச் சுவரின் வலது பக்கத்தை ஒரு கட்சிக்கும் இடது பக்கத்தை இன்னொன்றுக்கும் விட்டுக்கொடுப்பார். இரண்டு கட்சியும் சின்னம் வரைவதற்கு முன்னால் வெள்ளையடிக்கும். தேர்தல் வந்த வருடமெல்லாம் எங்கள் சுவருக்குப் பொங்கல் இரண்டு முறை. உள்ளே போய்ப் போடுகிற ஓட்டு அவரவர் நெஞ்சுக்குத் தெரியும்.

ஏப்ரலில் நீலக் கட்சி வேட்பாளர் மனைவியோடு கதவைத் தட்டினார். அந்த அம்மாள் முத்துமாலை போட்டிருந்தார். இருவரும் நடந்தே வந்திருந்தார்கள். மைக் இல்லை, மாலை இல்லை, பின்னால் பத்துப் பேர் கூட இல்லை. எனக்குப் பாவமாக இருந்தது. உட்காரவைத்துக் காப்பியும் கேசரியும் கொடுத்தேன். "உங்கள் ஆதரவை நம்பலாமா?" என்று கேட்டார். அம்மாவின் வார்த்தையை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் கண் கலங்காத குறை. கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டு, ஜன்னலில் ஒட்ட ஒரு நீலப் போஸ்டர் கொடுத்தார்.

மஞ்சள் கட்சிக்காரர் தாடி வைத்த பள்ளி ஆசிரியர். அவருக்கு வடை. அவரும் குறித்துக்கொண்டார், போஸ்டர் கொடுத்தார்.

சிவப்புக் கட்சிக்காரர் இவரோடு டிப்போவில் வேலை செய்கிறவர். அவருக்குச் சாப்பாடே போட்டோம்.

கொடுத்ததை ஒட்டாமல் வைப்பது அவமரியாதை. கீழ் ஜன்னலில் நீலம், மாடி ஜன்னலில் சிவப்பு, கதவுக் கண்ணாடியில் மஞ்சள். ரசமட்டம் வைத்து நேராக ஒட்டினேன். பள்ளிவிட்டு வந்த மலர் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா, வி ஆர் நாட் அலவ்ட் த்ரீ."

"யார் சொன்னது?"

"எவ்ரிபடி. டோரீன் ஆன்ட்டி சேஸ், யூ பிக் ஒன்." பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழில்: "நீ எல்லார்கிட்டயும் எஸ் சொன்னியா? அது பொய்யாம்மா?"

"பொய் இல்லடி. மரியாதை."

அவள் மூன்று போஸ்டரையும் மறுபடி விரலால் எண்ணினாள். நம்பவில்லை என்பது தெரிந்தது. இந்த ஊரில் 'எஸ்' என்றால் எஸ்தான் என்று அவளுக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். என்னிடமிருந்து அவள் ஒரு முழம் தள்ளிப்போன மாதிரி இருந்தது.

5

டோரீன் அன்று மாலை வேலியருகே வந்தார்.

"உங்க வீட்டுல எத்தனை ஓட்டு?"

"எனக்கு ஒண்ணு."

"ஜன்னல்ல மூணு இருக்கே."

"அவங்க கேட்டாங்க, டோரீன்."

"கேட்டா?"

"எப்படி இல்லைன்னு சொல்றது?"

"'நோ, தேங்க் யூ'ன்னு சொல்றது. ரொம்பச் சின்ன வாக்கியம்."

அப்பாவின் சுவரைப் பற்றிச் சொன்னேன். இரண்டு முறை வெள்ளையடித்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நல்ல கதை" என்றார். "ஆனா உங்கப்பா சுவருக்கு வேலை போகலையே. அந்த நீலப் போஸ்டர்ல இருக்கிறவர் என் கம்பைப் பிடுங்கப் போறார். தினம் அவர் பேரைப் பார்த்துக்கிட்டே நான் வேலைக்குப் போறேன், உன் ஜன்னல் வழியா."

மறுநாள் காலை நீலத்தையும் மஞ்சளையும் எடுத்துவிட்டேன். ஆனாலும் டோரீன் மாறவில்லை. இங்கே ஒருவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார்கள், மரியாதை கூடிவிடும். "குட் மார்னிங்", "ஹவ் ஆர் யூ", "லவ்லி டே". வேலியில் சாய்ந்து பேசுவது நின்றது. ரொட்டி சுட்டால் ஒன்று கொடுத்தனுப்புவது நின்றது. மலரைக் கடக்கவைப்பதை மட்டும் அப்படியேதான் செய்தார்.

"ஒரு மீட்டருக்கு மூணு ஒயரைக் குடுத்தா முள்ளு எங்க நிக்கும்?" என்றேன் இவரிடம்.

"எனக்கு ஒரு ஒயரு கூட இல்லியே, நான் சந்தோஷமாத்தான் கீறேன்" என்றார்.

6

இப்போது மூன்று கார்கள் நிற்கிற வாசலுக்கு வருவோம்.

மழை விடவில்லை. மூன்று ஓட்டுநர்களும் குடையோடு எங்கள் படியில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீலத்தில் வேட்பாளரின் மனைவி, அதே முத்துமாலை. மஞ்சளில் தாடி ஆசிரியரே. சிவப்பில் டிப்போ நண்பர். மூவரின் தாளிலும் என் பெயர் உறுதியான ஓட்டு.

"ஏதோ தவறு நடந்திருக்கிறது" என்றார் முத்துமாலை அம்மாள், மிக இனிமையாக.

எனக்குக் காது சுட்டது. தலையைத் திருப்பினேன். தெருவின் கடைசியில் வயதானவர்களுக்காகக் கவுன்சில் கட்டிக்கொடுத்த வீடுகள் உண்டு. அவற்றின் ஜன்னல்களில் விளக்கு எரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு முகம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் டோரீன்தான் அவர்களுக்குப் பால் வாங்கிக் கொடுப்பவர். டோரீனுக்காக ஓட்டுப் போடுவதாகச் சொன்னவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் இருந்தார்கள். சாவடி மேட்டுக்கு மேலே, சர்ச் ஹாலில்; இந்த மழையில் அவர்களால் ஏறிப்போக முடியாது.

அந்த நிமிடத்தில் எனக்கு லண்டன் மறந்துவிட்டது. கரிக்கலாம்பாக்கத்தில் தேர்தலன்று வண்டி வந்தால், யார் வண்டி என்று யாரும் கேட்கமாட்டார்கள். எந்தக் கொடி கட்டியிருந்தாலும் ஏறிக்கொள்வார்கள், இறங்கி அவரவருக்குப் பிடித்தவருக்குப் போடுவார்கள்.

"எனக்கு நடக்கக் கால் இருக்கிறது" என்றேன் அந்த அம்மாளிடம். "அதோ அந்த வீட்டு மிசஸ் பெக்கிட்டுக்கு இல்லை. அவரை அழைத்துப்போகிறீர்களா?"

அவர் ஒரு கணம் தயங்கினார். வாசலில் நின்றால் ஓட்டு யாருக்கு என்று கேட்கலாம். மழையில் கம்பூன்றி வருகிற கிழவியைக் காருக்குள் உட்காரவைத்துவிட்டுக் கேட்க முடியுமா? அது இவர்களால் முடியாது. அவர் கார்க் கதவைத் திறந்தார்.

என் கணவர் அதற்குள் பனியன் மேல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். வந்த நாளிலிருந்து சேர்த்துவைத்த அரசியல் எல்லாம் காலுக்கு வந்துவிட்டது. கதவு கதவாகத் தட்டினார்.

"மிஸ்டர் ஹோம்ஸ், யுவர் கார் இஸ் வெயிட்டிங்!"

"எந்தக் கட்சிக் கார், பிரெஞ்சி?" என்றது உள்ளிருந்து ஒரு குரல்.

"சூடு கீற கார்!"

மஞ்சள் கட்சி ஆசிரியர் மூன்று பேரை ஏற்றிக்கொண்டார். கார் மேட்டில் நின்றுவிட, இவர் பின்னாலிருந்து தள்ளினார். சிவப்பு வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். முத்துமாலை அம்மாள் மூன்று நடை அடித்தார். கடைசி நடையில் அவரும் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனாலும் ஓட்டினார், ஒவ்வொருவருக்கும் முழங்காலில் கம்பளி போர்த்தினார். அவர்மீது எனக்கு அன்றுதான் உண்மையான மரியாதை வந்தது.

நான் நடந்தே போனேன். மலரும் கூட வந்தாள். உள்ளே மேஜையில் இருந்த பெரியவரிடம் இடதுகைச் சுட்டுவிரலை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, அந்த விரலைப் பிடித்து மெல்லக் குலுக்கினார். மை வைக்க நீட்டியது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறைப்புக்குள் நூலில் கட்டிய பென்சில். ரப்பர் வைத்து அழித்துவிட்டால் என்று ஒரு பயம் வந்தது. அழுத்திப் போட்டேன்.

வெளியே வந்ததும் மலர் கேட்டாள், இந்த முறை முழுவதும் தமிழில்: "யாருக்கும்மா போட்ட?"

"சொல்லக்கூடாது."

"டோரீன் ஆன்ட்டிக்குத்தானே?"

"அதைச் சொல்லலாம். ஆமா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று மழையில் இறக்கம் முழுவதும் விடவில்லை.

7

சிவப்புக் கட்சி ஜெயித்தது. பெரிய வித்தியாசம் இல்லை, எங்கள் தெருவளவு இருக்கும். இரண்டு முறை எண்ணினார்களாம். இவர் ராத்திரி சர்ச் ஹால் வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்து, தானே ஜெயித்ததுபோல் மீசையோடு சிரித்தார்.

வெள்ளிக்கிழமை காலை மலரைக் கொண்டுவிட நானும் தெரு முனை வரை போனேன். டோரீனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கிழவர்கள் காலையிலேயே வந்து ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருந்தார்கள். டோரீன் நடுரோட்டுக்குப் போய்க் கம்பை ஊன்றினார். பிள்ளைகள் கடந்தார்கள், மலரும் கடந்தாள்.

நின்ற வண்டிகளில் முதலாவது நீலக் கட்சிக் கார். முத்துமாலை அம்மாள் ஓட்டினார், பக்கத்தில் தோற்றுப்போன வேட்பாளர். அந்த அம்மாள் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"நேற்று உங்கள் தெருவுக்காக என் கார் நன்றாக உழைத்தது" என்றார்.

"நீங்களும் உழைத்தீர்கள்" என்றேன். "மிசஸ் பெக்கிட் உங்களை ரொம்பப் புகழ்ந்தார். ஆனால் நான் உங்களுக்குப் போடவில்லை."

ஒரு ஆளின் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்னது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

"அது இவளுக்கு மேட்டில் இரண்டாவது முறை ஏறும்போதே தெரிந்துவிட்டது" என்றார் வேட்பாளர். "அந்த மஞ்சள் இனிப்பு என்ன? அதை எப்படிச் செய்வது என்று இவளுக்குச் சொல்லமுடியுமா?"

நான் ரவையை வறுப்பதிலிருந்து சொல்லத் தொடங்கினேன். பிள்ளைகள் எல்லோரும் கடந்து முடித்துவிட்டார்கள். சாலை காலி. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதற்குப் பின்னால் பஸ். டோரீன் நடுரோட்டில் கம்பை ஊன்றி, தொப்பியை நேராக வைத்துக்கொண்டு, அசையாமல் நின்றார். லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"யாருக்காக நிக்கிறோம், அம்மா?"

"அவ பேசி முடிக்கட்டும்" என்றார் டோரீன்.

சர்க்கரை, நெய், முந்திரி வரை அவசரமில்லாமல் சொல்லி முடித்தேன்.